சட்டியில் ஒட்டிய கொழுக்கட்டையும் கொஞ்சம் சரித்திரமும்

டிஸ்கி: தலைப்பைப் பார்த்துட்டு சமையல் பதிவுன்னு வந்தவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். செய்முறை இருக்கு, ஆனா அது கடைசியிலதான் வரும். நடுவுல ஒரு அரசர், ஒரு கட்டுக்கதை, ஒரு உலகப்போர் எல்லாம் உண்டு. பசியோட இருக்கறவங்க நேரா கீழே இறங்கிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

எங்க அண்ணன் பொண்ணு மூணு வருஷமா வீகன். கறி, மீன், முட்டை மட்டும் இல்லை. பால், தயிர், நெய், தேன் எதுவும் தொடறதில்லை. எங்க அம்மாவுக்கு இது பெரிய மனக்குறை. "கறி வேணாம்னா புரியுது, மோர் என்னடி பாவம் பண்ணுச்சு?"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க நேத்துக் கண்டுபிடிச்ச ஃபேஷன் என்பது அம்மாவோட தீர்ப்பு. போன தடவை பேத்தி செஞ்ச வறுத்த டம்ப்ளிங்கை ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டும் தீர்ப்புல மாற்றம் இல்லை. பேத்தியும் விடலை. "பாட்டி, இது ஆயிரத்தைந்நூறு வருஷத்துப் பழசு"ன்னா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ரெண்டு நாள் சரியாப் பேசிக்கலை. சாப்பாட்டுல ஆரம்பிக்கற சண்டை சாப்பாட்டோட முடியறதில்லைங்க, எல்லா வீட்டுலயும்.

யார் சொல்றது சரின்னு தேடினேன். ரெண்டு பேரும் பாதிப் பாதி சரி.

வீகன் என்கிற சொல்லை எடுத்துக்கிட்டா அம்மா ஜெயிச்சாங்க. 1944 நவம்பர்ல இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்கிற மரவேலை ஆசிரியரும் அவர் நண்பர்கள் சிலரும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. 'வெஜிடேரியன்' என்கிற ஆங்கிலச் சொல்லோட முதல் மூணு எழுத்தையும் கடைசி ரெண்டு எழுத்தையும் ஒட்ட வச்சு ஒரு புதுப் பெயர் செஞ்சாங்க. தமிழ்ல இதுக்கு 'நனிசைவம்'னு ஒரு சொல் உண்டு. அழகான சொல்தான், ஆனா ஓட்டல்ல போய் "நனிசைவம் என்ன இருக்கு?"ன்னு கேட்டா சர்வர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்.

பொருளை எடுத்துக்கிட்டா பேத்தி பக்கம். அதுக்குச் சீனாவுக்குப் போகணும்.

முதல்ல பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். டம்ப்ளிங்கை நம்ம ஆட்கள் கொழுக்கட்டைன்னு எழுதறாங்க. நம்ம கொழுக்கட்டை அரிசி மாவு, இது கோதுமை. உருவத்துல பார்த்தா சோமாசியோட ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். சீனத்தில் இதுக்கு ஜியாவ்ட்ஸுன்னு பெயர். தண்ணியில வேகவச்சா அதுதான் ஜியாவ்ட்ஸு. சட்டியில எண்ணெய் விட்டு அடிப்பக்கம் மட்டும் முறுக வச்சா குவோ-தியே. குவோன்னா சட்டி, தியேன்னா ஒட்டறது. 'சட்டியில ஒட்டினது', அவ்வளவுதான் அர்த்தம். ஜப்பான்காரங்க கியோசாங்கறாங்க. தலைப்புல கொழுக்கட்டைன்னு போட்டது உங்களை உள்ளே இழுக்கத்தான்.

ஜியாவ்ட்ஸு எப்ப பிறந்ததுன்னு கேட்டா எல்லாரும் ஒரே கதையைச் சொல்லுவாங்க. கிழக்கு ஹான் வம்சம் முடியற காலத்துல, அதாவது சுமார் 1800 வருஷத்துக்கு முன்னாடி, ஜாங் ஜோங்ஜிங்னு ஒரு மருத்துவர் இருந்தார். கடுங்குளிர்ல ஊர் ஜனங்களோட காது விறைச்சுப் போறதைப் பார்த்தார். ஆட்டுக்கறி, மிளகாய், சில மூலிகை எல்லாம் வேகவச்சு நறுக்கி, மாவுல காது மாதிரி மடிச்சு, சூப்போட கொடுத்தார். காது பிழைச்சுது, ஜியாவ்ட்ஸு பிறந்துது. இன்னிக்கும் குளிர்காலத்தோட உச்ச நாள்ல ஜியாவ்ட்ஸு சாப்பிடலைன்னா காது விழுந்துடும்னு வட சீனாவுல குழந்தைகளை மிரட்டறது உண்டு.

மருத்துவர் நிஜம். அவரோட மருத்துவ நூல் சீன வைத்தியத்துக்கு அடிப்படை நூல்கள்ல ஒண்ணு. கதைதான் இடிக்குது. மிளகாயைக் கவனிச்சீங்களா? மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492ல் கப்பலேறின பிறகுதான் அது ஆசியா பக்கம் வந்துது. நம்ம ஊருக்கே போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததுதான், அதுவரைக்கும் நமக்கு மிளகுதான் காரம். அப்படியிருக்க ஹான் காலத்து மருத்துவர் கையில மிளகாய் எங்கிருந்து வந்துது? இன்னிக்குச் சொல்லப்படற வடிவத்துல இந்தக் கதை ரொம்பப் பிற்காலத்துச் சரக்கு.

கதையை விடுங்க, கையில பிடிக்கற மாதிரி சாட்சி ஒண்ணு இருக்கு. சீனாவோட மேற்கே சிஞ்சியாங் பாலைவனத்துல துருபான் பக்கத்துல ஆஸ்தானான்னு ஒரு பழைய இடுகாடு. காத்துல ஈரமே கிடையாது, அதனால புதைச்சது எதுவும் அழுகலை. அங்கே தாங் வம்சக் காலத்துக் கல்லறைகள்ல (618 - 907) செத்துப்போனவங்களுக்குப் படைச்ச பண்டங்கள் அப்படியே காய்ஞ்சு கிடைச்சிருக்கு. அதுல பிறைநிலா வடிவத்துல ஜியாவ்ட்ஸுவும் ஒண்ணு. ஓரத்தை விரலால அழுத்தி ஒட்டின வடிவம் கூடத் தெரியுது. படத்தைப் பார்த்தா நேத்துச் செஞ்சு ஃப்ரிட்ஜ்ல மறந்துபோனது மாதிரி இருக்கு. யாரோ ஒரு அம்மா பிடிச்சு வச்சது, 1200 வருஷம் ஆச்சு.

சரி, சைவம் எப்ப உள்ளே வந்துது? இங்கதான் அந்த அரசர் வர்றார். லியாங் வம்சத்து வூ பேரரசர், 502 முதல் 549 வரை தென் சீனாவை ஆண்டவர். தீவிர புத்த பக்தர். இந்தியாவுல புத்தத் துறவிகள் பிச்சைப் பாத்திரத்துல விழுந்ததைச் சாப்பிடணும், தனக்காகக் கொல்லப்படாத கறின்னா அதுவும் சரின்னு விதி இருந்துது. வூ அதை ஏத்துக்கலை. துறவிகள் கறியும் மதுவும் தொடவே கூடாதுன்னு வாதாடி ஆணை போட்டார். 517ல் இன்னும் ஒரு படி மேலே போய், முன்னோர் கோயில்ல கொடுத்துக்கிட்டிருந்த மிருக பலியையே நிறுத்திட்டு, அதுக்குப் பதிலா மாவுல செஞ்ச உருவங்களைப் படைக்கச் சொன்னார். மந்திரிகள் அலறினாங்க. முன்னோரைப் பட்டினி போடறதா? நம்ம ஊர்ல பூசணிக்காயில குங்குமம் தடவி உடைக்கறோமே, அந்த மாதிரி ஒரு மாற்றம்னு வச்சுக்கோங்க. ஆனா அதைப் பேரரசர் ஒரே உத்தரவுல செஞ்சார். கடைசியில கலகக்காரத் தளபதி ஹோ ஜிங் தலைநகரைப் பிடிச்சு, 549ல் கிழ அரசரை அரண்மனைக்குள்ளேயே அடைச்சு வச்சு, சரியாச் சாப்பாடு கூடப் போடாம சாகவிட்டான். ஆனா அவர் போட்ட பாதை நின்னுது. சீன புத்த மடங்கள்ல சைவம் இன்னிக்கு வரைக்கும் கட்டாயம்.

(இந்த வூ பேரரசரைப் போய்ப் பார்த்து மூக்குடைச்சுட்டு வந்ததா ஜென் மரபு சொல்ற ஆள்தான் போதிதர்மர். '7ஆம் அறிவு' படம் 2011ல் வந்த பிறகு காஞ்சிபுரம், பல்லவ இளவரசர்னு நம்ம ஆட்கள் அடிச்சுச் சொல்றாங்க. பழைய சீனக் குறிப்புகள்ல ஒண்ணு அவரைப் பாரசீகர்ங்குது, இன்னொண்ணு தென்னிந்தியர்ங்குது. காஞ்சிபுரம்ங்கற பெயர் அந்தப் பழைய குறிப்புகள்ல இல்லை. சண்டைக்கு வர்றவங்க தனியா வாங்க, டீ சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்.)

மடத்துச் சைவம் சும்மா சைவம் இல்லை. ஐந்து காரநெடிப் பொருளை ஒதுக்கணும். வெங்காயம், பூண்டு, அதே குடும்பத்துத் தழை வகைகள்னு நாலு. அஞ்சாவது 'ஷிங்ச்சு'. என்னடா இதுன்னு பார்த்தா, 'ஹிங்கு' என்கிற சம்ஸ்கிருதச் சொல்லோட சீன உச்சரிப்பு. அட, நம்ம பெருங்காயம்! நம்ம ஊர்ல வெங்காயம், பூண்டு சேர்க்காத வீட்டுல அந்த வாசனைக்குப் பதிலா பெருங்காயம்தான் போடறோம். அங்கே வெங்காயம், பூண்டோட சேர்த்துப் பெருங்காயத்தையும் தள்ளிட்டாங்க. ஒரே சரக்கு, ஒரு ஊர்ல மாற்று, இன்னொரு ஊர்ல குற்றவாளி. பல சீனத் துறவிகள் ஒதுக்கின அந்தச் சரக்கைக் கண்ணால கூடப் பார்த்திருக்க மாட்டாங்க, அது வேற விஷயம்.

கறியை எடுத்துட்டா பூரணத்துக்கு என்ன செய்யறது? அதுக்கு டோஃபு வந்துது. எழுத்துல முதல் குறிப்பு 10ஆம் நூற்றாண்டு, தாவ் கூ என்பவரோட நூல்ல. அடுத்தது கோதுமைப் பசை. மாவைப் பிசைஞ்சு தண்ணியில கழுவிக் கழுவி மாவுச்சத்தைப் போக்கினா ரப்பர் மாதிரி ஒண்ணு மிஞ்சும், அதான் புரதம். 11ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி ஷென் குவோ எஃகைப் பத்தி எழுதும்போது, இரும்புக்குள்ள எஃகு இருக்கறது மாவுக்குள்ள அந்தப் பசை இருக்கற மாதிரின்னு உவமை சொல்றார். படிக்கிறவங்களுக்கு அது தெரிஞ்ச பண்டமா இருந்தாத்தானே உவமையாச் சொல்ல முடியும்? சோங் வம்சக் காலத்துல தலைநகரத்துக் கடைத்தெருவில் தனிச் சைவ உணவுக்கடைகளே இருந்ததா அந்தக் கால நகரக் குறிப்புகள் சொல்லுது. ஆக பேத்தி சொன்ன ஆயிரத்தைந்நூறு வருஷம் மடத்துச் சைவத்துக்குப் பொருந்தும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, சீனா போற சைவர்களுக்கு. சீனத்தில் சைவத்துக்குச் 'சு'ன்னு சொல்லுவாங்க. சாயம் போடாத வெறும் பட்டுத் துணிக்கும் அதே சொல். 'சு' ஜியாவ்ட்ஸு கொடுங்கன்னு தெருக்கடையில கேட்டா பாதி நேரம் பூண்டுத்தழையும் முட்டையும் வச்சது வரும். கடைக்காரர் ஏமாத்தலை. சாதாரண ஜனங்களுக்கு முட்டை 'சு'தான். அதே தட்டை மடத்துத் துறவிகிட்ட நீட்டினா முட்டைக்கு ஒரு தடவை, பூண்டுத்தழைக்கு ஒரு தடவைன்னு ரெண்டு தடவை வேணாம்பார்.

பால், முட்டை எதுவும் இல்லாத ஜியாவ்ட்ஸு, அதுவும் துறவி இல்லாத சாதாரண வீட்டுல உண்டான்னு தேடினப்ப கிடைச்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். பெய்ஜிங் பக்கத்துல தியான்ஜின்னு ஒரு துறைமுக நகரம். கறி, மீன் எல்லாம் ஒரு கை பார்க்கற ஊர். அந்த ஊர்ல புத்தாண்டுக்கு மட்டும் சைவ ஜியாவ்ட்ஸு. வருஷம் எந்தச் சச்சரவும் இல்லாம சுத்தமா, அமைதியாப் போகணும்ங்கறது நம்பிக்கை. பூரணம் என்னன்னா, பச்சைப்பயறு முளை, காய்ஞ்ச டோஃபு, பயத்தமாவுல செஞ்ச ஜவ்வு மாதிரி ஒரு தகடு, கொத்தமல்லித்தழை. இதையெல்லாம் எள்ளு விழுதும், சிவப்பா உப்புல ஊறப்போட்ட டோஃபுவும் போட்டுப் பிசையணும். பயறு, எள்ளு, கொத்தமல்லி... நம்ம சரக்கு மாதிரியே இல்லை? வாட்சன் பெயர் வைக்கறதுக்கு முன்னாடியே இந்த வீடுகள்ல வருஷத்துக்கு ஒரு தடவை வீகன் சாப்பாடு நடந்துக்கிட்டிருந்துது, யாரும் அதுக்குப் பெயர் வைக்கலை.

புத்தாண்டும் ஜியாவ்ட்ஸுவும் ஒட்டினது பழசுதான். மிங் அரண்மனையில இருந்த லியு ருவோயூ என்கிற அலி அதிகாரி 17ஆம் நூற்றாண்டுல எழுதின குறிப்புல, வருஷத்து முதல் நாள் இதைச் சாப்பிடுவாங்க, ஒண்ணு ரெண்டுக்குள்ள வெள்ளிக்காசை ஒளிச்சு வைப்பாங்க, காசு கிடைச்சவருக்கு அந்த வருஷம் யோகம்னு இருக்கு. பல்லுக்கு என்ன ஆச்சுன்னு எழுதலை.

சரி, இப்ப வறுக்கறதுக்கு வருவோம். வட சீனாவுல ஜியாவ்ட்ஸு என்பது பக்கவாத்தியம் இல்லை, அதுவே கச்சேரி. தண்ணியில வேகவச்சு, தட்டு தட்டா அதையே வயிறு நிறையச் சாப்பிடுவாங்க. மிஞ்சினதை மறுநாள் காலையில எண்ணெயில வாட்டித் தின்பாங்க, நாம பழைய இட்லியை உப்புமா பண்றோமே அது மாதிரி. குவோ-தியே தனியா ஒரு கடைப்பண்டம். அது எப்படிப் பிறந்துதுன்னு கேட்டா, அரண்மனைச் சமையல்காரர் மறந்து அடிப்பிடிக்க விட்டார், அரசர் ருசிச்சுப் பாராட்டினார்ங்கற வழக்கமான கதைதான். உலகத்துல பாதிப் பலகாரம் சமையல்காரர் மறதியில பிறந்ததாத்தான் எல்லா ஊரும் சொல்லுது. நான் நம்பறதில்லை.

வறுத்த வடிவம் முன்வரிசைக்கு வந்தது ஜப்பான்ல. அந்தக் கதை கொஞ்சம் கசப்பு.

1931ல் ஜப்பான் ராணுவம் சீனாவோட வடகிழக்கு மஞ்சூரியாவைப் பிடிச்சுது. அடுத்த வருஷம் மஞ்சுகுவோன்னு ஒரு பொம்மை அரசு. ஜப்பானிலேர்ந்து விவசாயிகள், ரயில்வே ஊழியர்கள், கடைக்காரர்கள்னு கூட்டம் கூட்டமாக் குடியேறினாங்க. போர் முடியும்போது சுமார் 15 லட்சம் ஜப்பானியர் அங்கே இருந்தாங்க. அங்கேதான் அவங்க ஜியாவ்ட்ஸு தின்னக் கத்துக்கிட்டாங்க. அக்கம்பக்கத்துச் சீனர்கள்ல நிறையப் பேர் ஷான்டாங் மாகாணத்திலேர்ந்து பிழைக்க வந்தவங்க. 'கியோசா'ங்கற உச்சரிப்பே அந்த ஷான்டாங் பேச்சுலேர்ந்து வந்திருக்கலாம்னு ஒரு கருத்து உண்டு.

பெரும்பாலான 'கியோசா வரலாறு'கள் இந்த இடத்தை வேகமாத் தாண்டிடும். "ஜப்பானியர் மஞ்சூரியாவில் ஜியாவ்ட்ஸுவை ரசித்தார்கள்"னு ஒரு வரி, முடிஞ்சுது. நான் கொஞ்சம் நிக்கறேன். மஞ்சுகுவோவுல ரேஷன் இனம் பார்த்து இருந்துது. அரிசி ஜப்பானியருக்கு, சீனருக்குச் சோளம், மக்காச்சோளம். போர்க் காலத்துல ஒரு சீனர் அரிசிச் சோறு சாப்பிட்டுப் பிடிபட்டா 'பொருளாதாரக் குற்றம்'னு உள்ளே தள்ளலாம். சொந்த மண்ணுல, தான் விளைச்ச நெல்லைத் தின்னா குற்றவாளி. கடைசி வருஷங்கள்ல அந்தச் சோளமும் போதாம, ஏதோ காட்டு மரத்துக் கொட்டையை அரைச்ச மாவெல்லாம் கலந்து கொடுத்ததா அங்கே வாழ்ந்த முதியவங்க சொல்லி வச்சிருக்காங்க. பலகாரத்தை உருவாக்கினவங்களுக்கு நல்ல தானியம் எட்டாத தூரம். குடியேறினவங்க அதைக் கத்துக்கிட்டு ஊருக்கு எடுத்துட்டுப் போனாங்க. தட்டுல இருக்கறது ருசியாத்தான் இருக்கு, ஆனா இதைச் சொல்லாம ருசியை மட்டும் எழுத எனக்கு மனசு வரலை.

1945 ஆகஸ்ட் 9 அன்னிக்கு சோவியத் படை உள்ளே நுழைஞ்சுது. குடியேறினவங்களைக் காப்பாத்த வேண்டிய ஜப்பான் ராணுவம் அவங்களை விட்டுட்டுப் பின்வாங்கிடுச்சு. பசி, நோய், பழிவாங்கல், தற்கொலைன்னு எவ்வளவோ பேர் செத்தாங்க. பல தாய்மார் குழந்தைகளைச் சீனக் குடும்பங்கள்ல விட்டுட்டு நடந்தாங்க. அந்தச் சோளம் தின்ன குடும்பங்கள்தான் பகையாளி வீட்டுக் குழந்தைகளை எடுத்து வளர்த்தது, அதையும் சேர்த்துச் சொல்லணும். 1946 மே மாசம் முதல் ஹூலுதாவ் துறைமுகத்திலேர்ந்து கப்பல்கள் கிளம்பிச்சு. ரெண்டு வருஷத்துல 10 லட்சத்துக்கும் மேலான ஜப்பானியர் அந்த வழியா ஊர் திரும்பினாங்க. கையில ஒண்ணும் இல்லை. ஊர்ல குண்டு விழுந்து வீடு இல்லை, அரிசி இல்லை. அமெரிக்க உதவியில வந்த கோதுமை மாவு மட்டும் கிடைச்சுது. கோதுமை மாவை வச்சு என்ன செய்யத் தெரியும்? மஞ்சூரியாவுல பார்த்தது தெரியும்.

இப்படித்தான் எரிஞ்ச நகரங்கள்ல சந்துக்குச் சந்து கியோசாக் கடை முளைச்சுது. டோக்கியோவில் ஷிபுயா பக்கம் 'காதல் கடிதச் சந்து'ன்னு ஒண்ணு இருந்துது. அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குப் போன பிறகு, அவங்களை நம்பியிருந்த பெண்களுக்கு ஆங்கிலத்துல கடிதம் எழுதிக் கொடுக்கறவங்க அங்கே கடை போட்டிருந்தாங்க. நிவா ஃபுமியோ அதை வச்சு 1953ல் ஒரு நாவல் எழுதினார், அதிலேர்ந்து அந்தப் பெயர் நிலைச்சுது. அதே சந்துப் பக்கம்தான் மஞ்சூரியாவிலேர்ந்து திரும்பினவங்களோட கியோசாக் கடைகளும். ஒரு பக்கம் கண்ணீர்க் கடிதம், இன்னொரு பக்கம் சொய்ங்னு எண்ணெய்ச் சத்தம்.

ஜப்பான்ல சோறுதான் சாப்பாடு. அதனால கியோசா தொட்டுக்கற இடத்துக்குப் போச்சு. சோத்துக்கும் பியருக்கும் தொட்டுக்கணும்னா முறுகலா இருக்கணும், அதனால வறுத்தது முதலிடத்துக்கு வந்துது, தோல் மெலிஞ்சுது. கறி விலை அதிகம், முட்டைக்கோஸ் மலிவு. பூரணத்துல கோஸ் ஏறிக்கிட்டே போச்சு. இன்னிக்கும் உட்சுனோமியா ஊர் கியோசாவுல கறியைவிடக் காய்தான் தூக்கல். வீகன் கியோசா செய்யறவங்களுக்குப் பாதி வேலையை வறுமை முன்னாடியே முடிச்சு வச்சுட்டுது.

உட்சுனோமியா கதை தனிப் பதிவே போடலாம். மஞ்சூரியாவுக்குப் போன 14ஆவது படைப்பிரிவோட ஊர். 1990ல் நகராட்சிக்காரங்க அரசாங்கக் குடும்பச் செலவுக் கணக்கைப் புரட்டினப்ப, நாட்டுலயே கியோசாவுக்கு அதிகம் செலவு பண்றது நம்ம ஊர்தான்னு கண்டுபிடிச்சாங்க. 1994ல் ரயில் நிலையத்துக்கிட்ட கியோசாத் தோலைப் போத்திக்கிட்ட அழகுதேவதைக்குக் கல்லுல சிலையே வச்சாங்க. 2008ல் இடம் மாத்தறப்ப சிலை விழுந்து உடைஞ்சு, ஒட்டவச்சு நிறுத்தினாங்க. அப்புறம் ஹமமட்சு போட்டிக்கு வந்துது. 2021ல் மியாசாகி ரெண்டையும் ஓரங்கட்டிச்சு. வேடிக்கை என்னன்னா, அந்தக் கணக்குல ஓட்டல்ல சாப்பிட்டதும் சேராது, உறைய வச்ச பாக்கெட்டும் சேராது. கடையில வாங்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது மட்டும்தான். அதுக்குத்தான் இத்தனை குத்துவெட்டு.

தட்டுல கவிழ்த்தா சுத்தியும் மெல்லிசா லேஸ் மாதிரி ஒரு மொறுமொறு இருக்குமே, 'இறக்கை கியோசா', அது 1983ல் டோக்கியோ கமாட்டா பகுதியில ஒரு கடையில ஆரம்பிச்சுது. ஆரம்பிச்சவர் போருக்குப் பிறகு சீனாவுலயே தங்கிப்போய், பல வருஷம் கழிச்சு ஜப்பான் திரும்பினவர். மாவைத் தண்ணியில கரைச்சு சட்டியில ஊத்தினா வர்ற சின்ன வித்தைதான். ஆனா ரெண்டு ஊர் வாழ்க்கை வாழ்ந்தவர் கையிலேர்ந்து வந்துது.

அமெரிக்கா பக்கம் ஒரே ஒருத்தரை மட்டும் சொல்லிட்டு அடுப்பைப் பத்த வைக்கறேன். யாங் பூவெய், ஜப்பான்ல மருத்துவம் படிச்ச சீன டாக்டரம்மா. அந்த ஊர்ச் சாப்பாடு வாயில வைக்க முடியாம, தானே சமைக்கக் கத்துக்கிட்டவர். (விடுதியில தங்கிப் படிச்ச எல்லாருக்கும் இந்த இடம் புரியும்.) 1945ல் அமெரிக்காவில் ஆங்கிலத்துல சீனச் சமையல் புத்தகம் ஒண்ணு வெளியிட்டார். மகள் மொழிபெயர்க்க, மொழியியல் அறிஞரான கணவர் யுவன் ரென் சாவ் நடுவுல புகுந்து திருத்த, வீட்டுல ஒரே ரகளைன்னு முன்னுரையில அவரே கிண்டலா எழுதியிருக்கார். 'ஸ்டிர் ஃப்ரை'ங்கற சொல்லை ஆங்கிலத்துக்குக் கொடுத்தது அந்தப் புத்தகம்தான்; 'பாட்ஸ்டிக்கர்'ங்கற பெயருக்கும் அவரைத்தான் சொல்றாங்க. உலகம் முழுக்க இன்னிக்கு மெனு கார்டுல இருக்கற சொற்கள், ஒரு வீட்டுச் சண்டையில பிறந்தது.

இனி செய்முறை. சுமார் 30 வரும், நாலு பேருக்குப் போதும்.

மாவு: மைதா ரெண்டு கப், கால் ஸ்பூன் உப்பு. கொதிக்கற தண்ணி முக்கால் கப் எடுத்துக்கோங்க, மொத்தமா ஊத்தாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா விட்டு கரண்டிக் காம்பால கிளறி, கை பொறுக்கற சூடு வந்ததும் பிசையணும். பச்சைத்தண்ணியில பிசைஞ்சா மாவு ரப்பர் மாதிரி இழுத்துக்கும். அது தண்ணியில வேகவைக்கறதுக்குச் சரி, கொதியில உடையாது. வறுக்கறதுக்கு வெந்நீர். சூட்டுல மாவுச்சத்து பாதி வெந்து, பசை கொஞ்சம் அடங்கி, தோல் மெத்துன்னு மடிக்க வசதியா இருக்கும். நாம கொழுக்கட்டைக்கு அரிசி மாவுல வெந்நீர் விடறதும் கிட்டத்தட்ட இதே காரணம்தான். ஈரத்துணி போட்டு அரை மணி மூடி வையுங்க.

பூரணம்: முட்டைக்கோஸ் கால் கிலோ பொடியா நறுக்கி ஒரு ஸ்பூன் உப்பு போட்டுக் கால் மணி வச்சு, ஒட்டப் பிழியணும். இதுல சோம்பேறித்தனம் பண்ணினா தோல் கிழியும். கெட்டி டோஃபு 200 கிராம், கனமான பாத்திரம் எதையாவது மேலே வச்சு தண்ணியை இறக்கி, உதிர்த்துக்கோங்க. காய்ஞ்ச காளான் அஞ்சாறு, வெந்நீர்ல ஊறவச்சுப் பொடியா நறுக்கினது. கறி இல்லாத குறையை நிரப்பறது இதுதான், விட்டுடாதீங்க. கண்ணாடி மாதிரி இருக்கற பயறு நூடுல்ஸ் ஒரு கைப்பிடி, ஊறவச்சு வெட்டினது. மிச்ச ஈரத்தை அது குடிச்சுடும். இஞ்சி துருவினது, சோயா சாஸ் ரெண்டு ஸ்பூன், வெள்ளை மிளகுத்தூள். பூண்டு, வெங்காயத்தாள் அவங்கவங்க இஷ்டம். மடத்துச் சுத்தம் வேணும்னா வேணாம்.

எண்ணெய் விஷயத்துல ஒரு குறிப்பு. சீனக் குறிப்புல 'எள் எண்ணெய்'னு இருந்தா நம்ம நல்லெண்ணெயை ஊத்திடாதீங்க. அவங்க எள்ளை நல்லா வறுத்துட்டு ஆட்டறாங்க, நாம வறுக்காம ஆட்டறோம். வாசனையே வேற. அது கிடைக்கலைன்னா ஒரு ஸ்பூன் எள்ளைச் சிவக்க வறுத்துப் பொடிச்சுப் பூரணத்துல போடுங்க, தொண்ணூறு சதவீதம் வந்துடும். கடையில வாங்கற தோல்ல முட்டை இருக்கலாம், சாஸ்ல சிப்பி இருக்கலாம். பின்பக்கச் சின்ன எழுத்தைப் படிக்கணும்.

மாவை நெல்லிக்காய் அளவு உருட்டி, நடுவுல கொஞ்சம் தடிமன் ஓரம் மெல்லிசா வட்டமாத் தேய்ச்சு, ஒரு ஸ்பூன் பூரணம் வச்சு மூடி, ஒரு பக்கத்துல மட்டும் மடிப்பு வச்சு ஒட்டணும். மடிப்பு வராதவங்க சும்மா பிறை மாதிரி அழுத்திடுங்க. ஆஸ்தானாக் கல்லறையில இருக்கறதும் அப்படித்தான்.

அடி தட்டையான, மூடி உள்ள சட்டி. தோசைக்கல் சரிப்படாது, தண்ணி ஓடிடும். மிதமான சூட்டுல ரெண்டு ஸ்பூன் எண்ணெய், கியோசாவை நெருக்கமா உட்கார வச்சு ரெண்டு நிமிஷம். அடி பொன்னிறமானதும் அரை கப் தண்ணி (இறக்கை வேணும்னா அதுலயே ஒரு ஸ்பூன் மைதாவைக் கரைச்சுக்கோங்க) ஊத்தி உடனே மூடுங்க, எண்ணெய் தெறிக்கும், குழந்தைகளைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. ஆறேழு நிமிஷத்துல தோல் கண்ணாடி மாதிரி ஆகும். மூடியைத் திறந்து தண்ணி சுண்ட விடுங்க. கொதிக்கற சத்தம் அடங்கி, வறுபடற சத்தம் வந்ததும் இன்னும் ஒரு நிமிஷம். அவசரப்பட்டுத் தோசைத்திருப்பியை விட்டுக் கிளறாதீங்க. நல்லா முறுகினா தானா விட்டுக்கும், ஒட்டறது பெயர்ல மட்டும்தான்.

தொட்டுக்க சோயா சாஸ் ரெண்டு பங்கு, வினிகர் ஒரு பங்கு, கொஞ்சம் மிளகாய் எண்ணெய். எங்க அம்மா எலுமிச்சை ஊறுகாயோட சாப்பிடறாங்க. அதுவும் நல்லாத்தான் இருக்கு. ஊறுகாய்ல பால் இல்லையாம், பேத்தி ஒத்துக்கிட்டா.